நடிகரும் இயக்குநரும் போக, ஒரு படத்தில் வேறு யார் யார்?

கேட்கப்பட்ட கேள்வி இது: "சினிமாவில் சேர ஆசை. நடிக்க வராது, படம் இயக்கும் துணிச்சலும் இல்லை. படம் முடிந்ததும் ஓடுகிற அத்தனை பெயர்களும் யாருடையவை? அவர்கள் உண்மையில் என்ன வேலை செய்கிறார்கள்? அதில் எனக்கு இடம் இருக்குமா?"

எனக்குத் தெரிந்த களம் சென்னைதான், அதனால் தமிழ் சினிமாவை வைத்தே சொல்கிறேன். நான் எடிட்டிங் பக்கம் இருந்தவன். எடிட் அறையில் ஒரு வசதி உண்டு. கிளாப் அடிப்பதற்கு முன்னால் சில வினாடியும் 'கட்' சொன்ன பிறகு சில வினாடியும் கேமரா ஓடிக்கொண்டிருக்கும். படம் பார்ப்பவர்கள் ஒருநாளும் பார்க்கப்போகாத துண்டுகள் அவை. ஒருவர் அளவு நாடாவை லென்ஸிலிருந்து கதாநாயகியின் கண் வரைக்கும் இழுத்துப் பார்ப்பார். இன்னொருவர் வெள்ளைத் தெர்மாகோல் பலகையை அரை அடி நகர்த்துவார். மேக்கப் மேன் ஓடிவந்து நெற்றி வியர்வையை ஒற்றிவிட்டு ஓடுவார். பின்னாலிருந்து ஒரு உதவி இயக்குநர் வசனத்தை ஒவ்வொரு வரியாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பார். தமிழ் தெரியாத கதாநாயகி அதைக் கேட்டுக் கேட்டு உதட்டை அசைப்பார். இதையெல்லாம் வெட்டி எறிவதுதான் என் வேலையின் முதல் படி. உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அந்த எறிந்த துண்டுகளில்தான் இருக்கிறது.

மேடைகளில் '24 கிராஃப்ட்' என்பார்கள். தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர்கள் சம்மேளனம், அதாவது பெப்சி, அதில் 23 சங்கங்கள். உறுப்பினர்கள் சுமார் 25,000 பேர். ஒளிப்பதிவாளர், எடிட்டர், நடனம், ஸ்டண்ட், மேக்கப், காஸ்ட்யூம், டிரைவர், சமையல் பரிமாறும் புரொடக்‌ஷன் ஆட்கள் என்று ஆளுக்கொரு சங்கம். அந்தப் பட்டியலை அப்படியே ஒப்பித்தால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. யார் எதைப் பணயம் வைத்து இந்தத் தொழிலில் நிற்கிறார்கள் என்று பாருங்கள். சிலர் பணத்தை வைக்கிறார்கள், சிலர் இளமையை, சிலர் கைத்திறனை, சிலர் உடம்பை. யாருக்கு எப்போது சம்பளம் வருகிறது, யாருக்கு வராமலே போகிறது என்பதெல்லாம் இதிலிருந்தே புரிந்துவிடும்.

பணத்திலிருந்து தொடங்குகிறேன். தயாரிப்பாளர் என்றாலே கட்டுக்கட்டாகப் பணம் வைத்திருப்பவர் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அவர் கடனாளி. பைனான்சியரிடம் வட்டிக்கு வாங்குவார். எடுக்கப்போகிற படத்தின் உரிமைதான் அடமானம். பிலிம் காலத்தில் நெகட்டிவ், பிலிமைக் கழுவிப் பிரிண்ட் போடும் லேபில் இருக்கும். யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்பது லேபுக்குத் தெரியும். கடன் தீர்ந்தது என்று பைனான்சியர் எழுதிக் கொடுக்காமல் பிரிண்ட் வெளியே போகாது. இப்போது லேப் இல்லை, ஆனால் ரிலீஸுக்கு முந்தின அந்த இரவு அப்படியே இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலைக் காட்சி ரத்து என்று செய்தி வந்தால், வியாழக்கிழமை ராத்திரி ஏதோ ஓர் அலுவலகத்தில் பஞ்சாயத்து முடியவில்லை என்று அர்த்தம்.

அடுத்தவர் விநியோகஸ்தர். தமிழ்நாட்டை ஏரியாவாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்: சென்னை நகரம், அதைச் சுற்றி வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு சேர்ந்த என்.எஸ்.சி., பிறகு கோவை, மதுரை, திருச்சி–தஞ்சை, சேலம், நெல்லை–குமரி. எம்.ஜி. என்ற மினிமம் கேரண்டியில் வாங்கினால் படம் ஓடாவிட்டாலும் கொடுத்த பணம் திரும்பாது. அட்வான்ஸ் முறையில் வாங்கினால் வசூலில் குறைந்த தொகையைத் தயாரிப்பாளர் திருப்பித் தர வேண்டும். இந்த இரண்டு முறைக்கும் உள்ள வித்தியாசத்தில் நடுத்தெருவுக்கு வந்த குடும்பங்கள் உண்டு. தியேட்டர்காரரையும், படத்தை டிஜிட்டலாக அனுப்பும் க்யூப் போன்ற நிறுவனங்களையும் கூட இந்த வரிசையில்தான் சேர்க்க வேண்டும். 2018 மார்ச் 1 முதல் ஒன்றரை மாதத்துக்கு மேல் தமிழில் புதுப்படமே வெளிவராமல் நின்றது நினைவிருக்கலாம். அந்தச் சண்டை, நடிகர்களின் சம்பளத்தைப் பற்றியதல்ல. டிஜிட்டல் திரையிடலுக்கான கட்டணத்தை யார் கட்டுவது என்பது பற்றியது. கேமரா பக்கமே வராத ஒரு வேலைக்காக மொத்தத் தொழிலும் நின்றது.

இனி இளமையைப் பணயம் வைப்பவர்கள். உதவி இயக்குநர்கள்தான் வேறு யார்.

கடைசியாகச் சேர்ந்தவர் கையில் கிளாப் கட்டை. காட்சி எண், ஷாட் எண், டேக் எண். அதில் ஒரு எண் தப்பாக எழுதினால் எடிட் அறையில் அரை நாள் போகும். அதற்கு மேலே கன்டின்யூட்டி பார்ப்பவர்: போன வாரம் எடுத்த காட்சியில் சட்டையின் மேல் பொத்தான் போட்டிருந்ததா, காப்பி டம்ளர் எந்தக் கையில் இருந்தது, நெற்றியில் விபூதி எத்தனை கோடு. ஒரே காட்சியின் பாதி பொள்ளாச்சியிலும் மீதி மூன்று மாதம் கழித்து வளசரவாக்கத்து வீட்டிலும் எடுக்கப்படும்போது, அது ஒரே அறை என்று நம்மை நம்ப வைப்பது இவருடைய நோட்டுப் புத்தகம்தான். அதற்கு மேலே உடையும் பொருளும் பார்ப்பவர், அப்புறம் அசோசியேட், கடைசியில் கோ-டைரக்டர். படப்பிடிப்பை உண்மையில் நகர்த்துகிறவர் கோ-டைரக்டர். எத்தனையோ கோ-டைரக்டர்கள் தலை நரைத்தும் அதே இடத்தில் நிற்கிறார்கள். சம்பளத்தைக் கேட்காதீர்கள்.

ஆனாலும் ஏன் போகிறார்கள்? ஏனென்றால் இந்தத் தொழில் இன்னும் குருகுலம்தான். பாரதிராஜா கன்னட இயக்குநர் புட்டண்ணா கனகலிடம் வேலை பார்த்தவர். பாரதிராஜாவிடம் பாக்யராஜ், பாக்யராஜிடம் பார்த்திபனும் பாண்டியராஜனும். பாலு மகேந்திராவிடமிருந்து பாலாவும் வெற்றிமாறனும். கேமரா பக்கமும் இதே கதை: பி.சி. ஸ்ரீராமிடம் உதவியாளர்களாக இருந்த கே.வி. ஆனந்தும் ஜீவாவும் பிறகு ஒளிப்பதிவாளர்களாகி, இயக்குநர்களாகவும் ஆனார்கள். இசையில், ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தவர் இளையராஜா. இளையராஜாவின் குழுவில் கீபோர்டு வாசித்தவர் ஏ.ஆர். ரகுமான். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியாக வேண்டும் என்றுதான் வடபழனி, சாலிகிராமத்து அறைகளில் நான்கைந்து பேராகத் தங்கி வருடங்களைக் கழிக்கிறார்கள். சங்கிலியில் சேராமல் உதிர்ந்தவர்கள்தான் அதிகம். அவர்களைப் பற்றி யாரும் பேட்டி எடுப்பதில்லை.

எழுத்தாளர் நிலைமையும் இதேதான். தமிழில் 'கதை விவாதம்' என்று ஒரு பழக்கம். ஓர் அறை, பாய், டீ, ஐந்தாறு பேர். யாரோ ஒருவர் சொன்ன ஒரு திருப்பம்தான் இடைவேளையாக நிற்கும்; அவர் பெயர் எங்கும் இருக்காது. அதனால்தான் கதையைத் திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்து வைக்கச் சொல்கிறார்கள். பதிவுக்கு என்ன பலன் என்றால், 2018-இல் 'சர்கார்' வெளிவருவதற்கு முன் நடந்ததைப் பாருங்கள். ஓர் உதவி இயக்குநர் தான் பதிவு செய்து வைத்த 'செங்கோல்' கதையும் அதுவும் ஒன்று என்றார். சங்கத் தலைவராக இருந்த பாக்யராஜ் இரண்டின் கருவும் ஒன்றே என்று கருத்துச் சொன்னார். கடைசியில் சென்னை உயர் நீதிமன்றத்தில் சமரசம் ஆகி, படத்தின் தொடக்கத்தில் அவருக்கு நன்றி தெரிவிக்க ஒப்புக்கொண்டார்கள்.

கைத்திறனுக்கு வருவோம். உங்களுக்கு இடம் இருந்தால் இங்கேதான் இருக்கும், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

அளவு நாடா இழுத்தவரைச் சொன்னேனே, அவர்தான் ஃபோகஸ் புல்லர். நடிகர் நடந்து வருவார், கேமரா டிராலியில் பின்னால் நகரும், இரண்டுக்கும் உள்ள தூரம் ஒவ்வொரு நொடியும் மாறும். அந்த மாற்றத்துக்கு ஏற்ப லென்ஸ் வளையத்தைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு அங்குலம் பிசகினால் கண் மங்கி காது தெளிவாக இருக்கும். நடிகர் அழுது அசத்திய ஒரே டேக் அதுவாக இருந்தால், தொலைந்தது. பெரிய நடிகரின் உச்சக் காட்சி உங்கள் கண்ணில் நீர் வரவழைத்தது என்றால், அந்த நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு வளையத்தைத் திருப்பிய ஒருவர் இருந்தார். விருதுகளில் இதற்கென்று ஒரு பிரிவு கிடையாது. என்னைக் கேட்டால், இருக்க வேண்டும்.

விளக்குகள் யூனிட்டோடு வரும். லைட்மேன்கள், ஜெனரேட்டர் வேன், கேபிள். ஒளிப்பதிவாளர் 'அங்கே கொஞ்சம் கட் பண்ணுங்க' என்று கையை மட்டும் அசைப்பார். பழைய லைட்மேன் எந்த ஸ்டாண்டில் எந்தத் துணியை எந்தச் சாய்வில் வைக்க வேண்டும் என்று கேட்காமலே வைப்பார். இதற்குப் பெயர் உழைப்பு மட்டும்தானா, கலை இல்லையா என்பது இந்தத் தொழிலில் தீராத வழக்கு. என் கட்சி எது என்று சொல்லத் தேவையில்லை.

கலை இயக்கத்துக்கு ஓர் உதாரணம் போதும். 1987-இல் வந்த 'நாயகன்' படத்தின் தாராவி, பெரும்பகுதி சென்னை வீனஸ் ஸ்டுடியோவில் தோட்டா தரணி போட்ட செட். மும்பைச் சேரியின் சந்து, கூரை, அழுக்கு எல்லாம் இங்கே தச்சரும் பெயிண்டரும் மோல்டரும் சேர்ந்து எழுப்பியது. அந்தப் படத்துக்கு நடிப்பில் கமல்ஹாசன், ஒளிப்பதிவில் பி.சி. ஸ்ரீராம், கலையில் தோட்டா தரணி என்று மூன்று தேசிய விருதுகள் கிடைத்தன. புதுச் செங்கலை ஐம்பது வருடப் பழைய சுவராக மாற்றும் பெயிண்டரின் பெயர் மட்டும் நமக்குத் தெரியாது. நன்றாகப் போட்ட செட் என்றால் அது செட் என்றே யாருக்கும் தோன்றக் கூடாது. அதனால் இந்தத் துறையில் உங்கள் வெற்றியைப் படம் பார்ப்பவர்கள் கவனிக்கவே மாட்டார்கள். அது பிடிக்காதவர்கள் அந்தப் பக்கம் போகக் கூடாது.

சவுண்டை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் பெரும்பாலான படங்களில் தளத்தில் பதிவாவது வெறும் பைலட் சவுண்ட், வழிகாட்டிக் குரல். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு டப்பிங் அறையில் மறுபடி பேசுகிறார்கள். காலடி, வளையல், கதவு, புடவைச் சலசலப்பு எல்லாம் எஃபெக்ட்ஸ் ஆட்கள் ஓர் அறையில் படத்தைப் பார்த்தபடியே நடந்தும் தட்டியும் உரசியும் உண்டாக்குவது. கதாநாயகி மொட்டை மாடியில் கொலுசோடு ஓடும்போது நிஜத்தில் ஓடுவது, கையில் கொலுசு பிடித்த நடுத்தர வயது மனிதராக இருக்கலாம்.

டப்பிங் கலைஞர்கள் விஷயம் இன்னும் விசித்திரம். எண்பதுகளில் தொடர்ந்து வெற்றிப்படம் கொடுத்த மோகனை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பேசினால் அது பெரும்பாலும் எஸ்.என். சுரேந்தர் குரல். பாடினால் அனேகமாக எஸ்.பி. பாலசுப்ரமணியம். நாம் 'மோகன்' என்று மனதில் வைத்திருப்பது மூன்று பேர். அதே மாதிரி சிம்ரனுக்கும் ஜோதிகாவுக்கும் பல படங்களில் குரல் கொடுத்தவர் ஒருவரே, சவீதா. இரண்டு பேரும் ஒரே குரலில் பேசுகிறார்கள் என்று அன்று எத்தனை பேருக்குத் தோன்றியது? குரலை அந்த அளவுக்கு முகத்துக்கு ஏற்றபடி மாற்றத் தெரிந்தவர்கள் அவர்கள். இதை ஏமாற்று என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நடிப்பில் பாதி குரல்தான், அந்தப் பாதியைக் கொடுத்தவரும் நடிகர்தான்.

எடிட்டிங்கைப் பற்றி நானே பேசினால் பெருமை பேசுவது போலாகிவிடும், விட்டுவிடுகிறேன். டி.ஐ. என்ற வண்ணச் சீரமைப்பும் வி.எஃப்.எக்ஸும் இன்று வேலைவாய்ப்பு அதிகமுள்ள இடங்கள். வி.எஃப்.எக்ஸ் என்றதும் டைனோசர் நினைக்காதீர்கள். சண்டைக் காட்சியில் நடிகரைத் தூக்கிய ரோப்பை ஃபிரேம் ஃபிரேமாக அழிப்பது, பின்னால் தெரியும் செல்போன் டவரை எடுப்பது, மைக் நிழலைத் துடைப்பது, இதுதான் அன்றாட வேலை. பொறுமை வேண்டும், கண் கெடும்.

சில வேலைகள் போயே போய்விட்டன. நெகட்டிவ் கட்டர் என்று ஒருவர் இருந்தார். நாங்கள் பாசிட்டிவில், அதாவது நெகட்டிவிலிருந்து எடுத்த பிரதியில், வெட்டி ஒட்டியதைப் பார்த்து, ஓரத்தில் அச்சாகியிருக்கும் எண்களை ஒப்பிட்டு, மூல நெகட்டிவை வெட்டுவார். தப்பாக வெட்டினால் திருத்த வழியே கிடையாது. கையுறை போட்ட அந்தக் கைகளுக்கு இன்று வேலை இல்லை. பேனர் வரைந்தவர்களும் அப்படித்தான், வினைல் வந்ததும் ஒரு சில வருடங்களில் முடிந்துபோனது.

உடம்பைப் பணயம் வைப்பவர்களைச் சொல்லும்போது சிரிப்பும் வரும், வருத்தமும் வரும். சிரிப்பு ஸ்டண்ட் மாஸ்டர்களின் பெயர்களால்: சூப்பர் சுப்பராயன், ஜாகுவார் தங்கம், ராம்போ ராஜ்குமார், கனல் கண்ணன். மாஸ்டர் பெயராவது போஸ்டரில் வரும். கண்ணாடியை உடைத்துக்கொண்டு விழுகிற ஃபைட்டர் பெயர் வராது. 2020 பிப்ரவரி 19 இரவு, பூந்தமல்லி அருகே ஒரு பெரிய படத்தின் தளத்தில் விளக்குகள் கட்டிய கிரேன் சாய்ந்து மூன்று பேர் இறந்தார்கள். அதில் ஓர் உதவி இயக்குநரும் உண்டு. சண்டைக் காட்சியில் அடிபட்டவர்கள் அல்ல, வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள். 2025 ஜூலையில் நாகப்பட்டினம் பக்கம் கார் ஸ்டண்ட் ஒன்றில் அனுபவமிக்க ஒரு ஸ்டண்ட் கலைஞர் உயிரிழந்தார். இரண்டு முறையும் பாதுகாப்பு பற்றி ஒரு வாரம் பேசினோம்.

கூட்டத்தில் நிற்கும் துணை நடிகர்கள் ஏஜெண்ட் மூலமாக வருவார்கள், கையில் வருவது கமிஷன் போக மீதி. பேருந்து நிலையக் காட்சியில் அதே பச்சைப் புடவை அம்மா மூன்று முறை கடந்து போவார், கவனித்துப் பாருங்கள்.

இவர்கள் எல்லோரையும் ஒரு நாளுக்குள் அடக்கிக் காட்டுபவர் புரொடக்‌ஷன் மேனேஜர். எத்தனை பேருக்குக் காலை இட்லி, எந்த வேன் எங்கே, போலீஸ் அனுமதி வந்ததா, கோவில் நிர்வாகம் சம்மதித்ததா, மழை வந்தால் மாற்று வீடு எது. படத்தில் மாடு வந்தால் விலங்கு நல வாரியத்தின் அனுமதி வேண்டும், இல்லாவிட்டால் தணிக்கையில் நிற்கும். நேரம் தாண்டினால் ஒன்றரைக் கால்ஷீட், இரட்டைக் கால்ஷீட் என்று பேட்டா ஏறும். ஆறு மணி நெருங்கும்போது இவர் கடிகாரத்தையும் இயக்குநரையும் மாறி மாறிப் பார்ப்பார். திட்டுவாங்குவதே தொழில் என்று சொல்லலாம். படம் சொன்ன தேதியில் முடிந்தால் பெயர் தயாரிப்பாளருக்கு.

படம் முடிந்த பிறகும் ஆட்கள் உண்டு. பி.ஆர்.ஓ. என்ற மக்கள் தொடர்பாளர் வேலையைத் தமிழில் தொடங்கி வைத்தவர் ஃபிலிம் நியூஸ் ஆனந்தன், 1958-இல் எம்.ஜி.ஆரின் 'நாடோடி மன்னன்' படத்துக்கு. அவர் சேர்த்து வைத்த படங்களும் குறிப்புகளும் இல்லையென்றால் பழைய படங்களில் யார் என்ன செய்தார்கள் என்று இன்று எழுதவே முடியாது. இந்தத் தொழிலின் ஞாபகசக்தி ஒரு பி.ஆர்.ஓ.விடம் இருந்தது என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்.

சங்கங்களைப் பற்றி இரண்டு பக்கமும் சொல்ல வேண்டும். தொழிலாளர்களை ஒன்று சேர்ப்பதில் முன்நின்றவர்கள் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசனும் வங்காளத்திலிருந்து வந்த ஒளிப்பதிவாளர் நிமாய் கோஷும். அவர்கள் சண்டை போட்டிருக்காவிட்டால் நேரம், கூலி எதற்கும் கணக்கு இருந்திருக்காது. அதே சங்கங்கள் கதவை இறுக்கிச் சாத்தவும் செய்யும். சில இடங்களில் சங்க உறுப்பினர் கார்டு வாங்க ஆகும் பணம் ஒரு புது உதவியாளரின் பல மாதச் சம்பளம். மும்பையில் பெண்கள் மேக்கப் கலைஞராக வேலை செய்யக் கூடாது, முடி அலங்காரம் மட்டும்தான் என்று சங்க விதியே இருந்தது; 2014 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தலையிட்டுத்தான் அது ஒழிந்தது. நம் ஊரில் பி.ஆர். விஜயலட்சுமி 1985-லேயே 'சின்ன வீடு' படத்துக்கு ஒளிப்பதிவு செய்துவிட்டார். அவருக்குப் பிறகு கேமராவுக்குப் பின்னால் வந்த பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணினால் நமக்குத்தான் கூச்சமாக இருக்கும்.

சரி, உங்கள் விஷயம். தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, அனிமேஷன் போன்றவற்றுக்கு நான்கு வருடப் பட்டப்படிப்பு இருக்கிறது. தனியார் இடங்களோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு. பி.சி. ஸ்ரீராம் அந்தக் கல்லூரியில் படித்தவர்தான். நடிப்பும் இயக்கமும் வேண்டாம் என்று தெளிவாக இருக்கிறீர்கள். பாதிப் பேருக்கு அந்தத் தெளிவு பத்து வருடம் கழித்துத்தான் வருகிறது. காது நன்றாக இருந்தால் சவுண்ட் பக்கம் பாருங்கள். அங்கே போட்டி குறைவு, நல்ல ஆளைத் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். கணக்கும் பேச்சும் வரும் என்றால் புரொடக்‌ஷன். வரைய வரும் என்றால் ஒரு கலை இயக்குநரின் அலுவலகத்தில் போய் நில்லுங்கள். எந்தப் பக்கம் போனாலும் சேரும் முதல் நாளே மூன்று விஷயம் கேளுங்கள்: பேட்டா எவ்வளவு, எப்போது கைக்கு வரும், இன்ஷூரன்ஸ் உண்டா. கேட்பவனை இந்தத் தொழிலில் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பார்க்கட்டும்.